வளைவில் ஹாரன் அடி

"ஹாரன் அடி! வளைவுல ஹாரன் அடிடீ!"

ஹாரன்காரர் போட்ட சத்தத்தில் அவர் மனைவியின் கால் தானாகவே பிரேக்கில் விழுந்தது. வளைவிலிருந்து முளைத்த வேன் ஒன்று, காரை உரசாத குறையாகக் கடந்து போனது. போகிற போக்கில் அதை ஓட்டியவன் அவளைப் பார்த்துக் கையை வேறு ஆட்டிவிட்டுப் போனான்.

"பாத்தியா? இடது பக்கம் இண்டிகேட்டர் போட்டுட்டு வலது பக்கம் திரும்புறான். இந்த ஊர் டிரைவருங்களுக்கு லைசென்ஸை மிட்டாய் மாதிரி அள்ளிக் குடுத்திருக்கானுங்க!"

"எனக்கும் அப்படித்தாங்க குடுத்தாங்க." அவள் மறுபடி வண்டியைக் கிளப்பினாள்.

பஸ் ஓட்டியே தலை நரைத்த மனிதர் அவர். வளைவு என்று ஒன்று வந்தால் ஹாரன் அடிக்காமல் திரும்பமாட்டார். அதற்காக டிப்போவில் வைத்த 'ஹாரன்காரர்' என்ற பெயர், ஓய்வு பெற்ற பிறகும் அவரை விடவில்லை. அப்பேர்ப்பட்டவர் பக்கத்து சீட்டில் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்க, இந்த வருஷம்தான் கார் ஓட்டப் பழகிய மனைவி ஸ்டியரிங்கைப் பிடித்திருக்கிறாள். என்ன கொடுமை!

"ஏண்டி, இந்த வயசுல உனக்கு எதுக்குடி ஸ்டியரிங்?"

"ஆசைதாங்க."

"நல்ல ஆசை! சாவியை என்கிட்ட குடுத்தா குறைஞ்சா போயிடுவே?"

மழைக்காலத்தில் ஒரு நாள் காய் வாங்க வண்டியை எடுத்துக்கொண்டு போனார். திரும்பும்போது இருட்டிவிட்டது, கூடவே ஒரு போலீஸ்காரர். ஊர் முழுக்க ஒன்வே ஆக்கி வைத்தால் மனுஷன் எப்படி வீடு வந்து சேர்வது? அந்தப் போலீஸ்காரர்கூட ஆமாம் ஆமாம் என்று தலையாட்டினார். இவள்தான் அன்றைக்கே சாவியை எடுத்து ஒளித்து வைத்தாள்.

அதற்குப் பிறகு அவளுக்கு இன்னொரு கிறுக்கும் பிடித்துக்கொண்டது. ஓய்வுக் காலத்துக்கு அமைதியாக ஓர் இடம் பார்க்க வேண்டுமாம்.

மலையடிவாரத்தில் ஒன்று பார்த்தார்கள். ஜன்னலைத் திறந்தால் மேகம் உள்ளே வந்தது. அவர் சொக்கிப் போனார். வழியெல்லாம் வளைவு என்று அவள் வேண்டாம் என்றுவிட்டாள். கடலோரத்தில் ஒன்று. லாரிக்காரர்கள் எமன் மாதிரி வருகிறார்கள் என்று அதையும் தட்டிக் கழித்தாள்.

"நாம வீட்டுக்குள்ள இருக்கப் போறோமா, நடுரோட்டுல இருக்கப் போறோமா? வீட்டைப் பாக்க வான்னா ரோட்டைப் பாக்குறியே!"

அவள் கியரை மாற்றினாள். பைக் ஒன்று இடப்பக்கமாகப் புகுந்து, கண்ணாடியில் இடித்துவிட்டு, திரும்பிக்கூடப் பார்க்காமல் பறந்தது.

"அடி ஹாரனை!"

"வேண்டாங்க. யாரையோ அதட்டுற மாதிரி இருக்கு."

"அதட்டுறது இல்லடி அசடு. நான் வர்றேன்னு சொல்றது. அவ்வளவுதான்."

அதைக் கேட்டு அவள் ஒரு கணம் அவரைத் திரும்பிப் பார்த்தாள். "ரோட்டைப் பாரு, ரோட்டைப் பாரு" என்று அவர் பதறினார்.

கொஞ்ச தூரம் போனதும் மீசையைத் தடவிக்கொண்டே கேட்டார்: "ஏண்டி, இந்த வயசுல உனக்கு எதுக்குடி ஸ்டியரிங்?"

"ஆசைதாங்க," என்றாள், கோபமே இல்லாமல்.

மூன்றாவது இடம் மரங்களுக்கு நடுவே நீளமான ஒரு கட்டடம். வெளிக்கதவை ஒருவர் திறந்துவிட்டு, அவர்கள் உள்ளே வந்ததும் சாத்தினார். நிர்வாகி அம்மாள் வாசலுக்கே வந்து, "வாங்கய்யா, வாங்க" என்று கையைப் பிடித்து அழைத்துப் போனாள். மரியாதை தெரிந்த இடம் என்று ஹாரன்காரருக்கு மனசு நிறைந்தது.

அறையும் குறை சொல்லும்படி இல்லை. குளியலறையில் வழுக்காமல் இருக்கச் சுவரில் கைப்பிடிகூட வைத்திருந்தார்கள். ஜன்னல் வழியாக, வந்த ரோடும் அதன் ஒரே வளைவும் பளிச்சென்று தெரிந்தன.

"இதுதான்டி. பேசி முடிச்சுடு."

"நெசமாவே பிடிச்சிருக்கா?"

"எனக்குப் பிடிச்சா போதுமா? உனக்கும் ஒத்து வரும். ஒரே ஒரு வளைவுதான்."

"அதைத்தாங்க நானும் பாத்தேன்."

"கட்டில்தான் ஒண்ணு போட்டிருக்கானுங்க. இன்னொண்ணு கேட்டு வாங்கிடணும்."

அவள் அவருடைய சட்டைக் காலரைச் சரிசெய்தாள். சரியாக இருந்ததையே மறுபடி மறுபடி சரிசெய்தாள். "உக்காருங்க, வந்துடுறேன்" என்று நிர்வாகி அம்மாளோடு வெளியே போனாள்.

ஜன்னலோரம் உட்கார்ந்து, வளைவில் வருகிற வண்டிகளை அவர் ஒவ்வொன்றாகத் திட்டிக்கொண்டிருந்தார். ஒருத்தனாவது ஹாரன் அடிக்கிறானா? அப்போது வாசலில் சொந்தக் காரின் சத்தம் கேட்டது. முதல் கியரில் அது முக்குகிற முக்கல் அவருக்குத் தெரியாதா!

அரக்கப் பரக்க ஓடினார். கார்க் கதவைப் பிடித்து இழுத்தார், திறக்கவில்லை.

"கதவைத் தொறடி! விட்டுட்டுப் போறியே! வீட்டுக்குப் போய்ச் சாமான் செட்டைக் கட்ட வேண்டாமா?"

பின்னாலேயே வந்த நிர்வாகி அம்மாள் அவர் முழங்கையை மெல்லப் பிடித்துக்கொண்டாள். கார்க் கண்ணாடி பாதி இறங்கியது. உள்ளே மனைவியின் முகம் முழுக்க ஈரம்.

"காலையிலகூடச் சொன்னேனேங்க, இங்க நீங்க மட்டும்தான்னு..." அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு, எதிரே இருந்த வளைவைக் காட்டினாள்.

"தினமும் அங்க வந்ததும் ஹாரன் அடிப்பேன்... நான்தான்னு ஞாபகம் வச்சுக்கோங்க."