குடத்தில் போட்ட ஓட்டு

அன்று கூட்டத்துக்கு வந்திருந்தவர்கள் பதினோரு பேர். குடியிருப்போர் சங்கத் தலைவர் மோகன், ரியல் எஸ்டேட் ஜானகிராமன், பல் டாக்டர், பேங்க்கிலிருந்து ஓய்வு பெற்ற பெரியவர், கம்ப்யூட்டர் கம்பெனிக்காரர்கள் மூன்று பேர், சனி ஞாயிறு மட்டும் வந்து போகும் ரேணுகா, மூன்றாம் நம்பர் வீட்டுக்குச் சொந்தக்காரி செங்கம்மாள். இந்த ஒன்பது பேருக்கும் ஓட்டு உண்டு. ஓட்டு இல்லாத இரண்டு பேர் வாசலை ஒட்டி உட்கார்ந்திருந்தார்கள். தமீமும் அவர் மனைவி ஃபர்சானாவும்.

நெம்மேலிக்குப் பக்கத்தில், கடலைப் பார்த்துக் கட்டிய ஒன்பது வீடுகள். அதில் ஒன்றை, தன் நிலத்தைக் கொடுத்ததற்காகப் பெற்றவள் செங்கம்மாள். ஊருக்குள் பழைய வீட்டிலேயே இருந்துகொண்டு, இதைத் தமீமுக்கு வாடகைக்கு விடுவதாக வாக்குக் கொடுத்திருந்தாள். ஆனால் புதிதாக யார் குடிவந்தாலும் சங்கத்தில் பாதிக்கு மேல் சம்மதிக்க வேண்டும்.

ஃபர்சானாவுக்கு ஏழு மாதம். இருக்கிற வீட்டை இந்த மாதக் கடைசிக்குள் காலி பண்ண வேண்டும். ஏற்கெனவே நாலு வீட்டில் பேரைக் கேட்டதும், "சொந்தக்காரங்க வராங்க" என்று கதவைச் சாத்தியாயிற்று.

"நமக்கு சரிப்படாதுமா" என்று முதலில் எழுந்தது ஜானகிராமன்தான். "வெள்ளிக்கெழம வாசல் தெளிச்சி கோலம் போடற எடம். பக்கத்துல கறி வாசன வந்துகினு இருந்தா?"

"ஞாயித்துக்கெழம விடிஞ்சதும் கோழிக்கடையில மொத ஆளா நிக்கறது யாரு அண்ணாத்த?" என்றாள் செங்கம்மாள்.

சிரிப்பு எழுந்தது. ஜானகிராமனும் சிரித்துவிட்டார். ஆனாலும், "சரிப்படாதுன்னா சரிப்படாது" என்று உட்கார்ந்தார்.

மோகன் எழுந்தார். இருபத்தைந்து வருஷம் அமெரிக்காவில் இருந்தவர். அங்கே ஒரு சின்ன ஊரில் நகரசபை உறுப்பினராகவும் இருந்தவர்.

"எனக்கும் அங்கே வீடு இல்லைன்னு சொன்னாங்க. 'இப்பதான் வேற ஆளுக்குக் கொடுத்தோம்'னு. என் ஆபீஸ்ல வேலை செஞ்ச வெள்ளைக்காரன் அதே வீட்டுக்கு போன் பண்ணினான். 'காலியா இருக்கு, வாங்க'ன்னாங்க. அதே மாதிரி வீடு கிடைக்காத ஒரு கறுப்பினத்து அம்மா என் பக்கத்துல நின்னாங்க. ரெண்டு பேரும் ரோட்டுல இறங்கிப் போராடினோம். அப்புறம் நான் சபைக்குப் போய், நிறத்தையும் மதத்தையும் பார்த்து வீடு மறுக்கக் கூடாதுன்னு சட்டமே கொண்டுவந்தேன். அந்த நாட்டுல அதைச் செய்ய முடிஞ்சது. நம்ம ஒன்பது வீட்டுல முடியாதா?"

எல்லோரும் கை தட்டினார்கள். ஃபர்சானா முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

"கைதூக்கச் சொன்னா அக்கம்பக்கம் பார்ப்பாங்க" என்றார் மோகன். "உத்திரமேரூர்ல ஆயிரம் வருஷத்துக்கு முன்னாடியே நம்ம ஆளுங்க குடத்துலதான் ஓட்டுப் போட்டாங்க. நாமும் அப்படியே போடலாம்."

மாமல்லபுரம் கடற்கரைக் கடையில் வாங்கிய வெள்ளைச் சோழி ஒன்று, புளியங்கொட்டை ஒன்று. ஆளுக்கு இரண்டும் கொடுத்தார். சம்மதம் என்றால் சோழி, வேண்டாம் என்றால் புளியங்கொட்டை. மூடிய கையைக் குடத்துக்குள் விட்டு ஒன்றைப் போட வேண்டும்.

ஒவ்வொருவராகப் போட்டார்கள். பேங்க் பெரியவர் குடத்தை மேஜையில் கவிழ்த்தார்.

புளியங்கொட்டை ஏழு. சோழி இரண்டு.

தமீம் மெதுவாக எழுந்து மனைவிக்குக் கை கொடுத்தார். "வா, போலாம்."

செங்கம்மாள் அவர்களையே பார்த்தாள். வாக்குக் கொடுத்த வாயை எங்கே கொண்டுபோய் வைப்பது?

"எனக்கு வெட்கமா இருக்கு" என்று மேஜையைத் தட்டினார் மோகன். "இவ்வளவு சொல்லியும் இவ்வளவுதானா? ஒரு சோழி அந்தம்மாவோடது. இன்னொண்ணு என்னோடது. மத்த ஏழு பேரும் மனசாட்சியைத் தொட்டுப் பாருங்க."

"நீங்க ஒருத்தராவது இருக்கீங்களே சார்" என்று ஃபர்சானா கைகூப்பினாள்.

ஜானகிராமன் பிடரியைச் சொறிந்தார். "அதெப்படி சார்? ரெண்டாவது சோழி நான் போட்டதாச்சே?"

"நீங்களா? சும்மா இருங்க" என்றாள் ரேணுகா. பல் டாக்டர் சிரித்தார்.

"சத்தியமா. சார் பேசனதைக் கேட்டுதாம்மா மாத்திகினேன். எம் பொண்ணும் அந்த அமெரிக்காவுலதான் வூடு தேடி அலஞ்சிகினு கீது. அவளுக்கும் இப்டிதானே கதவச் சாத்துவான்னு தோணிச்சி. நம்பித்தான் போட்டேன்."

மோகன் தண்ணீர் பாட்டிலைத் திறந்தார். "ஜானகிராமன், இது விளையாட்டு இல்ல."

செங்கம்மாள் எழுந்து மேஜைக்கு வந்தாள்.

"ஆளுக்கு ரெண்டு குடுத்தீங்களே சார். ஒண்ணு குடத்துக்குள்ள போச்சி. இன்னொண்ணு எங்க?"

சிலர் கையை இன்னும் இறுக்கிக்கொண்டார்கள்.

"எல்லாரும் கைய விரிங்க. மீந்ததை இங்க வைங்க. ம்... வைங்க!"

அவள் தன் புளியங்கொட்டையை வைத்தாள். அதன் பக்கத்தில் ஜானகிராமன் ஒரு புளியங்கொட்டையை வைத்தார். பிறகு ஒவ்வொருவராக, தலையைக் குனிந்தபடி, சோழிகளை வைத்துவிட்டு நகர்ந்தார்கள்.

மோகனின் வலது கை மட்டும் பேன்ட் பாக்கெட்டுக்குள்ளேயே இருந்தது.

"உங்களுது சார்?"

"இது ரகசிய ஓட்டும்மா. இப்படிக் கேட்கறதே சட்டப்படி தப்பு."

"எந்த ஊரு சட்டம் சார்?"

ஜானகிராமன் கிட்டத்தில் வந்து நின்றார். ஃபர்சானா கூப்பிய கையை இன்னும் இறக்கவில்லை.

கடைசியில் பாக்கெட்டிலிருந்து கை வெளியே வந்தது.

மேஜை மேல் மீந்தது: புளியங்கொட்டை இரண்டு, சோழி ஏழு.