இடைவேளைத் தண்ணீர்

கிளாட்சன் சார் மறுபடியும் விசிலை மாட்டிக்கொண்டு மைதானத்தின் கோட்டோரம் வந்து நின்றார். ஆட்டம் முடியும்வரை பையன்களைச் சொட்டுத் தண்ணீர் குடிக்க விடாதவர் அவர். அணியில் ஆடிய ஆன்றோ பயிற்சி ஆட்டத்தில் சுருண்டு விழுந்து இறந்தபின் பள்ளிக்கூடம் அவரை வெளியே அனுப்பியது. அதற்குப் பிறகு அணி ஒரு ஆட்டமும் ஜெயிக்கவில்லை. கடைசியில் பையன்களின் அப்பாக்களே போய்க் கெஞ்சி அவரைக் கூட்டிவந்தார்கள்.

இடைவேளை விட்டதும் அவரே தண்ணீர்க் குடத்தைத் தூக்கிவந்து பையன்கள் நடுவில் இறக்கினார். வழியெல்லாம் தளும்பிச் சட்டை நனைந்திருந்தது. டம்ளரில் மொண்டு கேப்டன் ஜெனிஷிடம் நீட்டினார்.

"குடிடே."

ஜெனிஷ் டம்ளரைப் பார்க்கவில்லை, அவர் முகத்தையே பார்த்தான். மற்றவர்களும் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு அப்படியே நின்றார்கள். வெயில் மண்டையைப் பிளந்தது.

"டெஸ்ட் ஒண்ணும் இல்ல மக்களே. சத்தியமாட்டுச் சொல்லுதேன், குடிங்க."

ஜெனிஷ் வெடித்த உதட்டை நக்கிக்கொண்டான்.

"வேண்டாம் சார். ஜெயிச்சிட்டுக் குடிக்கோம்."

அவர் சொல்லிக்கொடுத்ததுதான். ஆன்றோவும் கடைசியாக அதைத்தான் சொன்னான். டம்ளர் சரிந்து தண்ணீர் மண்ணில் சிந்தியது. வேலிக்கு அப்பால் அப்பாக்கள் கைதட்டத் தொடங்கினார்கள்.