கைக்கேற்ற பேனா

“இந்தத் தடவையாவது சரியான பேனாவா அமையணும். இதுவரைக்கும் ஏழு வாங்கியாச்சு, ஒண்ணுகூட நிலைக்கலை” என்றாள் மனைவி.

கடைக்காரர் கணவரின் கையைப் பார்த்தார். கையா அது? விரித்தால் நாலு பேர் மழைக்கு ஒதுங்கலாம்.

“சாருக்கு நல்ல தடிமனா வேணும்” என்று ஒரு மைப் பேனாவை நீட்டினார்.

எழுதிப் பார்த்த கணவர், “அடடா, வெண்ணெய் மாதிரி வழுக்கிட்டு ஓடுது!” என்றார்.

“அது வேண்டாம்” என்றாள் மனைவி.

அடுத்தடுத்து இருபது பேனாக்கள் வந்தன. அவர் சொக்கிப்போனதை எல்லாம் அவள் ஒதுக்கித் தள்ளினாள். கடைசியில் ஊசிபோல ஒரு குட்டிப் பேனா வந்தது.

“ஐயோ, பிடிக்கவே முடியலையே! விரல் சுளுக்கிக்கும்!” என்று அலறினார் கணவர்.

“இதையே குடுங்க” என்றாள் அவள்.

கடைக்காரர் திகைத்தார். “அம்மா, சார் கை ரொம்பப் பெரிசு…”

“பெரிசு இல்லீங்க, நீளம்! பேனா எனக்கு. என் கைக்கு இது கச்சிதம். அந்த ஏழு பேனாவையும் சுட்டது இவர்தான்.”

கணவர் அசடு வழிந்தார். “நீ எழுதிப் பழக்கின நிப்புலதான் என் எழுத்தும் அழகா வருது. நான் என்ன பண்ண?”

அவள் சிரிப்பை மறைக்க முகத்தைத் திருப்பிக்கொண்டாள். அந்த நொடியில் அவர் கடைக்காரரின் காதருகே குனிந்தார்.

“இது மேல மாட்டிக்கிற மாதிரி தடியா ரப்பர் பிடி ஏதாவது இருக்கா?”