கட்டிலுக்கு அடியில் அடுப்பு

"அடுப்பைக் கட்டிலுக்கு அடியில தள்ளியாச்சு. நகராட்சியிலேர்ந்து வந்து கேட்டா, இது தையல் ரூம். சாப்பாடெல்லாம் எங்களோடதான். சரியாம்மா?" முழங்கால் தூசியைத் தட்டிக்கொண்டே மகன் எழுந்தான்.

"மேடை இருக்கு, பாத்திரம் கழுவுற தொட்டி இருக்கு. எதுக்குன்னு கேட்டா என்னடா சொல்றது?"

"இஸ்திரி போடன்னு சொல்லு."

"தொட்டியிலயா?"

வாசல் நிலையில் சாய்ந்திருந்த மருமகள் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். சிரிக்கிறாளா, சலித்துக்கொள்கிறாளா என்று அம்மாவுக்குப் புரியவில்லை. ஆறு வருடமாகவே புரிந்ததில்லை.

வீட்டின் பின்பக்கம் அம்மாவுக்கென்று கட்டிய அறை அது. அடுப்பு இல்லையென்றால் பழைய வீட்டில் கூடுதலாக ஓர் அறை, அவ்வளவுதான். அடுப்பு இருந்தால் தனி வீடு. தனி வீட்டுக்கு மேம்பாட்டுக் கட்டணம் கட்டவேண்டும். காளான் மாதிரி வீடுகள் முளைக்கும் இந்தப் பகுதியில் அந்தப் பணத்தில்தான் பூங்காவும் நூலகமும் வரப்போகின்றன. இப்போதைக்குப் பிள்ளைகளுக்கு மணல் குவியல்தான் விளையாட்டுத் திடல்.

"பூங்கா வரட்டும், யாரு வேணாங்கறா? அதை நம்ம அடுப்பு மேலதான் கட்டணுமா?" என்பது மகனின் கட்சி.

அம்மாவின் கணக்கு வேறு. பிறந்த வீட்டில் இருந்தது அவளுடைய அம்மாவின் அடுப்பு. புகுந்த வீட்டில் மாமியாரின் அடுப்பு. மாமியார் கண் மூடிய கொஞ்ச நாளில் மருமகள் வந்துவிட்டாள். வந்தவளின் சமையலறையில் தான் விருந்தாளி என்றே அம்மா நினைத்தாள். அதனால்தான் விடிவதற்கு முன்பே எழுந்து பாலைக் காய்ச்சி, இடம் மாறிப்போன உப்பு, புளி ஜாடிகளைப் பழைய வரிசையில் வைத்துவிட்டு வருவாள். பாவம், வேலைக்குப் போகிற பெண், தேடி அலையக்கூடாது.

நேற்று சாயங்காலம், யாருக்கும் தெரியாமல், இந்தப் புது அடுப்பில் ஒரு டீ போட்டுக் குடித்தாள். சர்க்கரை தூக்கலாக. எதிரே ஜன்னல், கையில் சூடு, கேட்க ஆளில்லை. அந்த ஒரு டம்ளர் டீ இன்னும் நாக்கிலேயே இருந்தது. இன்றைக்கு 'இல்லை' என்று சொல்லிவிட்டால் அடுப்பு கட்டிலடியோடு சரி.

நகராட்சி ஆய்வாளர் வந்தார். நடுத்தர வயதுப் பெண், வெயிலில் அலைந்த முகம். "அப்பாடா" என்று கட்டிலில் உட்கார்ந்தவரின் குதிகால் எதிலோ பட்டு 'டங்' என்றது.

"தையல் மெஷின் சாமான் மேடம்" என்றான் மகன், கேட்பதற்கு முன்பே.

ஆய்வாளர் மேடையைப் பார்த்தார், தொட்டியைப் பார்த்தார். "அடுப்பு எங்க?"

"அடுப்பா? இங்க எதுக்கு மேடம் அடுப்பு? எல்லாருக்கும் ஒரே சமையல்தான். நாங்க கூட்டுக்குடும்பம்."

ஆய்வாளர் குழப்பத்தோடு மருமகளைப் பார்த்தார். மருமகள் கதவுத் தாழ்ப்பாளை ஆராய்ந்துகொண்டிருந்தாள்.

"நீங்க சொல்லுங்கம்மா. இங்க சமைப்பீங்களா, மாட்டீங்களா?"

மகன் புருவத்தால் கெஞ்சினான். அம்மா கட்டிலடியைப் பார்த்தாள். வாழ்நாள் முழுக்க எத்தனையோ கேள்விக்கு மற்றவர்கள் சொல்லிக்கொடுத்த பதிலைச் சொல்லியிருக்கிறாள். இன்னொன்று சொல்வதில் என்ன வந்துவிடும்?

"சமைப்பேன்" என்றது அவள் வாய். "அடுப்பு உங்க காலுக்குக் கீழதான் இருக்கு. இது தனி வீடு. கட்டணத்தை எம்பேர்லயே போடுங்க. துணி தைச்சாவது கட்டிடறேன்."

"அம்மா!" மகன் தலையில் கை வைத்தான்.

ஆய்வாளர் சிரித்துவிட்டார். "நான் கட்டணத்துக்காகக் கேக்கலீங்க. கட்டணம் போன வாரமே கட்டியாச்சு. அடுப்பைப் பாதுகாப்பா பொருத்தியிருக்கீங்களான்னு பார்க்கத்தான் வந்தேன். கட்டிலுக்கு அடியில வைக்கிறதெல்லாம் ஆபத்துங்க."

"யாரு கட்டினது?" மகனும் அம்மாவும் ஒரே குரலில் கேட்டார்கள்.

"இவங்கதான். தனி வீடு, தனி அடுப்புன்னு அடிச்சுச் சொல்லிக் கட்டிட்டுப் போனாங்களே."

மகன் மனைவியை முறைத்தான். "எங்கிட்ட ஒரு வார்த்தை சொன்னியா?"

"சொன்னா விட்டிருப்பீங்களா? என் போனஸ், என் இஷ்டம்."

அம்மாவுக்குக் கண் கலங்கியது. மனம் தெரிந்து செய்திருக்கிறாளே. மருமகளின் கையைப் பற்றிக்கொண்டாள். "எனக்குன்னு ஒரு அடுப்பு வேணும்னு உனக்கு எப்படிம்மா தெரிஞ்சது?"

மருமகள் ஒரு கணம் விழித்தாள். பிறகு அடக்கி வைத்திருந்த சிரிப்பு மொத்தமும் வெளியே வந்தது.

"உங்களுக்கும் அந்த ஆசை இருந்துச்சா அத்தை? கல்யாணமாகி ஆறு வருஷம், இன்னும் உப்பு ஜாடி இருந்த இடத்துலேர்ந்து ஒரு அங்குலம் நகரல. அங்க எனக்குன்னு ஒரு அடுப்பு வேணும்னுதான் நான் இங்க பணம் கட்டினேன்!"