கயித்தப் போடு

சாரலுக்குக் குற்றாலம் வந்த வானொலி அதிகாரியைப் படகுத்துறையில் கண்டதும், கயிறும் கையுமாக ஓடிவந்தாள் குருவம்மாள்.

"ஐயா, எங்க படகுக் குடும்பத்தப் பத்தி நாடகம் போட்டியளே, அந்த டேப்பு இருக்கா?"

அதிகாரி நெளிந்தார். போன சாரலில் இறந்துபோன அவள் கணவன் தளவாயே அதில் நடித்திருந்தான். மூழ்குகிறவனாக, "ஏட்டி, கயித்தப் போடு!" என்று அவன் போட்ட கூச்சல் ஊரெங்கும் பிரபலம்.

"மன்னிக்கணும்மா. அத அழிச்சு, மேல கச்சேரி பதிஞ்சிட்டோம். அவர் குரலக் கேக்க ஆசைப்பட்டிருப்பீங்க..."

"கேக்கவா? அழிக்கச் சொல்லத்தான் வந்தேன். நெசமாவே முங்கும்போதும் அதையேதான் கத்துனாரு. நடிக்காருன்னு கரையில நின்னு சிரிச்சேன். டேப்பு இருக்கப்போய்தான் அந்தக் குரல் தெனமும் கேக்குதுன்னு நெனச்சேன்."

கயிற்றை இறுகப் பிடித்தபடி குளத்தைப் பார்த்தாள்.

"அப்போ, அங்கன இருந்து கூப்பிடுதது யாருய்யா?"