ஒரே நிறத்து வயர்கள்

பின்னேர வெயிலில் பழைய மோட்டார் சைக்கிள் முன்விளக்கு இல்லாமல் நிற்கிறது. அந்தப் பொந்திலிருந்து வயர்கள் குரக்கன் இடியப்பம் பிழிந்த மாதிரித் தொங்குகின்றன, அத்தனையும் கறுப்பு. சண்டைக் காலத்தில் வேறு நிறம் கிடைக்காமல், ஒரே சுருளை வெட்டி வெட்டி முழு வயரிங்கையும் செய்தவர் பரமலிங்கம். எது எங்கே போகிறது என்பது அவருக்கு மட்டும்தான் தெரியும். சாய்மனைக் கதிரையில் கிடக்கும் இப்போதும் தெரியும். பாரிசவாதம் வந்து மூன்று மாதமாக வாயில் பேச்சில்லை. இன்று காலை மனைவி “தேத்தண்ணி வேணுமோ?” என்று கேட்டபோதுதான் “ஓம்” என்று வந்தது. வீடே கொண்டாடியது. ஆம் என்கிற அந்த ஒரு சொல்லைத் தவிர வேறொன்றும் வரவில்லை என்பதை அவர் மட்டும் அறிவார்.

மகள் தாரிகா நிலத்தில் சப்பாணி கட்டி இருந்து, வயரின் தோலைப் பல்லால் உரிக்கிறாள். “அப்பா, சாவி வயரோடை இதைத்தானே சேர்க்கிறது?” இல்லைப் பிள்ளை, அது ஏர்த், சேர்த்தால் எரியும் என்று நெஞ்சுக்குள் தெளிவாகச் சொல்கிறார். நாக்கைப் புரட்டுகிறார். “ஓம்.” அவள் குசினிப் பக்கம் திரும்பி, “அம்மா, அப்பாக்கு எல்லாம் ஞாபகம் இருக்கு!” என்று கத்துகிறாள். இரண்டையும் முறுக்கி ஒட்டு நாடா சுற்றுகிறாள். பியூஸ் இருக்க வேண்டிய இடத்தில் செப்புக் கம்பி; அதுவும் அவர் வைத்ததுதான். மேலே தாங்கியில் காலையில் நிரப்பிய பெற்றோல். அவர் இடது கையைத் தூக்குகிறார். அவள் அதைப் பிடித்துக் கன்னத்தில் ஒற்றிவிட்டுச் சாவியைத் தொடுகிறாள். “போடட்டோ அப்பா?”

“ஓம்” என்று அலறுகிறார் பரமலிங்கம். “ஓம்! ஓம்!”