ஜோடி அமையாத வருடங்கள்

“ஆண் குதிரைய வண்டியில ஏத்திட்டு நானும் வருவேன், வேதா. ரெண்டு மாப்பிள்ளைக்கும் ஆரத்தி கரைச்சு வை.”

“முதல்ல எந்த மாப்பிள்ளைக்குச் சுத்தணும்?”

கோடியக்கரைக்குக் கிளம்பிய அன்று ஞானசேகர் வெகுநேரம் சிரித்தான். அழிந்துவரும் ஓர் இனத்தில் மிஞ்சிய பதினான்கு குதிரைகளில் ஆண் குதிரைகள் அங்கே அவன் பொறுப்பில். பெண் குதிரைகள் தாளவாடியில் அவன் மனைவி வேதவல்லியின் பொறுப்பில். மரபணு பார்த்து, நெருங்கிய உறவில்லாத ஜோடி அமைந்தால்தான் குதிரைக்குப் பயணம். அவனுக்கும் அப்போதுதான் விடுப்பு.

மூன்று வருடங்களாகக் கணினி எந்த ஜோடிக்கும் சம்மதிக்கவில்லை. எல்லாமே அண்ணன் தங்கைகளாகிவிட்டன.

இன்றும் அதே பதில்தான் வந்தது.

“அடுத்த வருஷம் பார்க்கலாம், வேதா” என்றான் போனில்.

வேதவல்லி தவிட்டு வாளியைக் கீழே வைத்தாள்.

“ஏங்க, குதிரை வரலேன்னா போகட்டும். வேலைய விட்டுட்டு நீங்க மட்டும் வந்துடுங்க.”